உப்புநீரில் விழுந்த இரண்டு விளக்குகள்

கடந்த ஐப்பசியில், அடைமழை பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவில், எங்கள் வீட்டுக் கடல்மீன் தொட்டிக்கு மேலே ஒரே அலுமினியச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்த இரண்டு எல்.இ.டி. விளக்குகளும் சட்டத்தோடு சேர்ந்து தொட்டிக்குள் விழுந்தன. கூரையிலிருந்து சட்டத்தைத் தாங்கிய இரும்புக் கொக்கியில் தொட்டியின் உப்பு ஆண்டுக்கணக்கில் பூத்துப் பூத்து, உள்ளே துரு அரித்திருந்ததை நான் கவனிக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், விழுந்த பிறகும் விளக்குகள் அணையவில்லை. தண்ணீருக்கு அடியில் கிடந்தபடி நீல ஒளியைப் பாறைகள்மீது பாய்ச்சிக்கொண்டிருந்தன. அவற்றின் ஓரங்களிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ்கள் கிளம்பி மேலே வந்தன.

கையை உள்ளே விட்டு எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. தொட்டியின் கீழ் இருந்த பிளக் பலகையிலும் தண்ணீர் தெறித்திருந்ததால், அதைத் தொடாமல் நேராக வாசலுக்கு ஓடி மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு, செல்பேசி வெளிச்சத்தில் விளக்குகளை வெளியே எடுத்தேன். மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறது, அது ஏன் தானாக விழவில்லை என்று மனைவி கேட்டார். நல்ல கேள்வி. என் விளக்குகளுக்கு 24 வோல்ட் அடாப்டர் தனியாகச் சுவரில் இருக்கிறது. அடாப்டருக்குள் இருக்கும் மின்மாற்றி வீட்டு மின்சாரத்தையும் 24 வோல்ட் பக்கத்தையும் பிரித்துவைத்திருப்பதால், தண்ணீருக்குள் நடந்த கசிவு ஆர்.சி.சி.பி.க்குத் தெரியவே வராது. ஆளுக்கு ஆபத்தில்லாத இந்த ஏற்பாடு விளக்குக்கு ஆபத்தானது, ஏனெனில் யாராவது அணைக்கும்வரை மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும். விலை குறைந்த சில விளக்குகளில் 230 வோல்ட் நேராக விளக்கின் உடலுக்குள்ளேயே வருகிறது. அப்படிப்பட்ட விளக்கு கடல்நீரில் முழுகினால், அதைக் காப்பாற்றுவதைப் பற்றி எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. குப்பைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

இது எனக்கு முதல் முறை அன்று. ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இதைவிடச் சிறிய விளக்கு ஒன்று என் கை தவறி இதே தொட்டியில் விழுந்தது. அன்று நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். துணியால் துடைத்து, மொட்டைமாடியில் இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மாட்டிப் பார்த்தேன், எரிந்தது. ஒன்றும் ஆகவில்லை என்று நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். பதினோராம் நாள் ஒரு வரிசை அணைந்தது, இரண்டு வாரத்தில் முழுவதும் செத்துப்போனது. திறந்து பார்த்தபோது, பழைய செப்புக்குடத்தில் ஏறும் களிம்பைப்போல், சர்க்யூட் போர்டு முழுவதும் பச்சை படர்ந்திருந்தது.

எங்கே தவறினேன் என்பது அடுப்பங்கரை உப்பு ஜாடியைப் பார்த்தபோதுதான் புரிந்தது. மழைக்காலத்தில் கல்லுப்பு கசிந்து ஜாடியின் அடியில் நீர் கட்டும். சுத்தமான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல்நீரில் இருப்பது அது மட்டுமன்று. மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது, அதற்கு 33 விழுக்காடே போதும். உப்பளத்தில் உப்பை வாரிய பிறகு பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் நிறைந்திருப்பது இந்த மக்னீசியந்தான். ஒரு மில்லி லிட்டர் கடல்நீர் வற்றினால் சுமார் 35 மில்லிகிராம் உப்புகள் மிஞ்சும். அந்த உப்பு போர்டின்மீது இருக்கும்வரை, கடலிலிருந்து கூப்பிடுதூரத்தில் இருக்கும் திருவான்மியூர் போன்ற இடத்தில் அது உண்மையில் காயவே காயாது; காய்ந்ததுபோல் தோற்றம் தரும், அவ்வளவுதான். மின்சாரம் கொடுத்ததும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஈரப்படலத்தின் வழியாக நேர்முனைச் செம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து எதிர்முனையை நோக்கி நகர ஆரம்பிக்கிறது. நான் வெயிலில் விளக்கைக் காயவைத்தது, உப்பை அதன்மேல் ஒட்டவைத்ததற்குச் சமம்.

ஆகவே இந்த முறை தண்ணீரிலிருந்து எடுத்த விளக்குகளை மறுபடியும் தண்ணீரில் போட்டேன். பக்கத்தில் நின்ற என் மகள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். எங்கள் போர்வெல் தண்ணீர் குழாயிலேயே வெள்ளையாகப் படிவது என்பதால் அதைத் தொடவில்லை. வடிகட்டியில் பிடித்து வைத்திருந்த ஆர்.ஓ. தண்ணீரை ஒரு வாளியில் ஊற்றி, இரண்டு விளக்குகளையும் முழுகவைத்து அலசி, தண்ணீரை மாற்றி மறுபடி முழுகவைத்து, இரவு முழுவதும் அப்படியே விட்டுவிட்டேன். மின்சாரம் இல்லாதபோது நல்ல தண்ணீர் போர்டுக்கு அதிகக் கேடு செய்வதில்லை. பாதி காய்ந்த உப்பு செய்யும். மறுநாள் காலை மெக்கானிக் கடையில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஐந்து லிட்டர் கேன் இரண்டு வாங்கி வந்தேன்.

முதல் விளக்கைப் பிரிப்பது எளிதாக இருந்தது. அதற்கு மூடி இறுக்கமாக இல்லை, தண்ணீர் தாராளமாகப் புகுந்து தாராளமாக வெளியேறியிருந்தது. இரண்டாவது விளக்கின் கண்ணாடி மூடிக்குச் சுற்றிலும் ரப்பர் கேஸ்கெட் உண்டு, அட்டைப்பெட்டியில் ஐ.பி. 67 என்ற நீர்புகாத் தரக்குறியீட்டை அச்சிட்டிருந்தார்கள். மூடியின் மூலையில் ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இதைத் திறக்க வேண்டுமா என்று நெடுநேரம் தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஐ.பி. 67 சோதனையில் பொருளை ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் முழுகவைப்பது நன்னீரில். கேஸ்கெட் புதிதாக இருக்கும்போது. என்னுடையதற்கு நான்கு வயது. திறந்து பார்த்தபோது, தாராளமாக நனைந்த முதல் விளக்கைவிட இதில்தான் சேதம் அதிகம். இரவு ஊறவைத்த நல்ல தண்ணீர் உள்ளே போகவே இல்லை. உள்ளே சிக்கிய அந்தத் தேக்கரண்டிக் கடல்நீர் மட்டும் மணிக்கணக்கில் ஒரே இடத்தில் நின்று வேலை செய்திருக்கிறது. நேர்முனை வயர் சேரும் சாலிடர் புள்ளியைச் சுற்றிப் பச்சை ஏறத் தொடங்கிவிட்டிருந்தது.

எந்த வயர் எங்கே போகிறது என்று படம் எடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் பிரித்தேன். விளக்குகளைக் குளிர்விக்கும் விசிறிகளைத் தூக்கிப் போட்டேன். பன்னிரண்டு வோல்ட் சிறு விசிறியின் பேரிங்குக்குள் போன உப்பை எடுப்பதற்கு ஆகும் நேரத்துக்கு, சென்னையில் மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் புதிய விசிறி மலிவு. பலர் விட்டுவிடும் இடம் ஒன்று உண்டு: எல்.இ.டி.கள் அமர்ந்திருக்கும் அலுமினியத் தகட்டுக்கும் பின்னால் உள்ள, வெப்பத்தை வெளியேற்றும் ஹீட் சிங்குக்கும் இடையே இருக்கும், வெப்பம் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட். மெல்லிய அந்த இடுக்கில் கடல்நீர் ஊறிப் போயிருக்கும். தகட்டைக் கழற்றி, பழைய பசையை முழுவதும் வழித்தெடுத்துக் கழுவி, புதிதாகப் பூசத்தான் வேண்டும். வயர்களின் பிளாஸ்டிக் உறைக்குள்ளும் திரியில் எண்ணெய் ஏறுவதைப்போல் உப்புநீர் ஏறியிருந்தது. நுனியைச் சீவிப் பார்த்தபோது உள்ளே செம்பு கறுத்திருந்ததால், பளபளப்பான செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போனேன்.

போர்டுகளை டிஸ்டில்டு வாட்டரில் முழுகவைத்து, பழைய மென்மையான பல்துலக்கியால் தேய்த்தேன். உப்பு போய்விட்டதா என்பதைக் கண் சொல்லாது, தண்ணீரில் கரைந்திருப்பதன் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சொல்லும். முதல் அலசலுக்குப் பிறகு வாளித் தண்ணீர் 640 காட்டியது, அடுத்தது 90, பிறகு 14, ஐந்தாவது முறை 2. அதற்குமேல் இறங்காதபோது நிறுத்தினேன். பச்சை ஏறிய இடத்தில் மட்டும், அம்மா செப்புப் பாத்திரத்தைப் புளி போட்டுத் துலக்கும் அதே கணக்கில், பஞ்சு முனையில் வெள்ளை வினிகரைத் தொட்டு ஒரு நிமிடம் வைத்து, உடனே மறுபடி கழுவினேன். கடைசியாகத்தான் ஐ.பி.ஏ. எனப்படும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். இந்த வரிசை முக்கியம்: உப்பு ஆல்கஹாலில் கரைவது மிகவும் சொற்பம், ஆகவே முதலிலேயே அதை ஊற்றினால் உப்பு அப்படியே தங்கிவிடும். உப்பை எடுப்பது தண்ணீரின் வேலை. அந்தத் தண்ணீரை இடுக்குகளிலிருந்து விரட்டுவது ஆல்கஹாலின் வேலை. அசிட்டோன், தின்னர் போன்றவை எல்.இ.டி.யின் சிலிக்கோன் குமிழைக் கெடுத்துவிடும் என்பதால் அவற்றை அருகிலேயே கொண்டுவரக் கூடாது.

ஐ.பி.ஏ. வாங்கப் போனபோது செல்பேசி பழுதுபார்க்கும் தம்பியிடம் கதையைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, “சார், தண்ணியில விழுந்த போனைக்கூடச் சரி பண்ணிடலாம். ஒரு வாரம் அரிசியில போட்டு வெச்சிட்டுக் கொண்டுவராங்க பாருங்க, அதுதான் கஷ்டம்” என்றார்.

காய்வதற்கு அவசரப்படவில்லை. மின்விசிறிக்குக் கீழே ஒரு நாள், பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் மூன்று நாள். அதன்பின் மல்டிமீட்டரை எடுத்து, நேர்முனைக்கும் அலுமினிய உடலுக்கும் இடையே இணைப்பு ஏதும் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டேன். நேராக 24 வோல்ட் கொடுக்காமல், நண்பர் ஒருவரிடம் இருந்த, மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளையில் 20 மில்லி ஆம்பியர் மட்டும் விட்டுப் பார்த்தோம். அந்த அளவிலேயே ஒவ்வொரு எல்.இ.டி.யும் மங்கலாகக் கண் திறக்கும். எது செத்தது, எது பிழைத்தது என்று ஆபத்தில்லாமல் தெரிந்துவிடும். முதல் விளக்கில் எல்லாம் எரிந்தன. இரண்டாவதில் ஒரு நீல வரிசை முழுவதும் இருட்டு. வரிசையாக இணைத்த எல்.இ.டி.களில் ஒன்று போனாலும் அந்த வரிசை முழுவதும் அணைந்துவிடும். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, செத்த ஒன்றைக் கண்டுபிடித்து மாற்றினோம். போர்டுகளில் அக்ரிலிக் பாதுகாப்புப் பூச்சு அடித்தபோது, எல்.இ.டி. குமிழ்களையும் இணைப்பான்களையும் டேப் ஒட்டி மறைத்தேன்.

இத்தனை நாளும் தொட்டியின் நிலை என்ன என்று மீன் வளர்ப்பவர்கள் கேட்பார்கள். நியாயந்தான், ஏனென்றால் விளக்கு தண்ணீரில் எரிந்துகொண்டிருந்த அந்த ஒரு நிமிடத்தில் கரைந்த செம்பு வேறெங்கும் போகவில்லை, தொட்டிக்குள்தான் போயிருக்கிறது. மீன்கள் கொஞ்சம் தாங்கும். இறால், நத்தை, கடற்சாமந்தி போன்ற முதுகெலும்பில்லாத உயிர்களுக்குச் செம்பு மிகக் குறைந்த அளவிலும் நஞ்சு. அன்றிரவே கால் பங்குத் தண்ணீரை மாற்றி, புதிய ஆக்டிவேட்டட் கார்பனை வடிகட்டியில் வைத்து, மூன்று நாள் கழித்து மறுபடி கால் பங்கு மாற்றினேன். இரண்டு கோமாளி மீன்களும் மறுநாளே தீனிக்கு வந்துவிட்டன. கடற்சாமந்தி மட்டும் இரண்டு நாள் சுருண்டு கிடந்தது. பவளப்பாறைகள் என் தொட்டியில் இல்லை. நம் நாட்டில் அவை 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்பட்டவை, வீட்டில் வளர்க்கும் பொருளல்ல. ஆனால் சாமந்தியின் உடலுக்குள்ளும் ஒளியால் வாழும் நுண்பாசிகள் இருப்பதால், ஒன்பது நாள் இருட்டுக்குப் பிறகு விளக்கை ஒரேயடியாக முழு வீச்சில் போடாமல், 30 விழுக்காட்டில் தொடங்கி மூன்று வாரத்தில் பழைய அளவுக்குக் கொண்டுவந்தேன்.

இப்போது சட்டத்தை 316 வகைத் துருப்பிடிக்காத எஃகுக் கொக்கியிலும், அதற்குத் துணையாகத் தனி நைலான் கயிற்றிலும் தொங்கவிட்டிருக்கிறேன். வயர் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொய்ந்து ஏறுகிறது, வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும். இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. இரண்டாவது விளக்கின் தொடு பொத்தானை மட்டும் மீட்க முடியவில்லை. அதை டைமரில் மாட்டிவிட்டேன். மாற்றிய அந்த ஒரு நீல எல்.இ.டி. மற்றவற்றைவிடக் கொஞ்சம் ஊதாவாக எரிகிறது, அதன் நேர்கீழே இருக்கும் பாறையில்தான் கோமாளி மீன்கள் இரண்டும் இரவில் ஒதுங்குகின்றன.