குலுக்காத பை

நவம்பர் 2, ஞாயிறு

கவரில் 300 ரூபாய். ஏடிஎம் கார்டு பீரோவில். ஜிபே இருக்கிற போன் அவரிடம். என் கையில் பட்டன் போன் மட்டும், அவர் கூப்பிட்டால் எடுக்க.

போகப் பிடிக்கவில்லை. "இங்க உக்காந்து என் மூஞ்சியப் பாத்து என்ன பண்ணப் போற, போய் ஹவுசி ஆடிட்டு வா" என்று அவர்தான் விரட்டினார். ஹவுசி என்றால் கிளப்பில் ஆடுகிற நம்பர் ஆட்டம்: பையிலிருந்து எடுத்துக் கூப்பிடுகிற எண் நம் சீட்டில் இருந்தால் அடிக்க வேண்டும்.

கவர் என்றால் மொய்க் கவர். பையன் கல்யாணத்தில் மிஞ்சிய கட்டு இன்னும் தீரவில்லை. மூலையில் ஒட்டிய ஒரு ரூபாயை எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. ஒரு கவர் செலவுக்கு, இன்னொன்று ஜெயிப்பதற்கு. ஜெயித்த காசு இரண்டாவது கவருக்குள் போனால் வீட்டுக்கு வந்துதான் வெளியே வரும். அதை எடுத்து அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். கை நிறைய வாங்கி, கை வீசிக்கொண்டு படியிறங்குகிறார்கள்.

இன்று ஒன்றும் விழவில்லை. கடைசி ஆட்டத்தில் 66-க்காக உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 3, திங்கள்

அவருடைய டெஸ்ட் ரிப்போர்ட்டுக்காக லேபுக்குப் போன் பண்ணினேன். "இன்னும் வரல மேடம்."

நவம்பர் 5, புதன்

பெரியவள் இங்கிலாந்திலிருந்து கூப்பிட்டாள். அப்பாவைப் பற்றி என்னென்னவோ கேட்டாள். சொல்ல எதுவும் இல்லாததால் பிங்கோ பேச்சுக்கு இழுத்துவிட்டேன். போன தடவை அங்கே போயிருந்தபோது அவளோடு ஒரு ஹாலுக்குப் போனேன். பழைய சினிமா தியேட்டர் மாதிரி பெரிய கூடம். வயசான பெண்மணிகள் மை ஒற்றுகிற தடித்த பேனாவால் பொத் பொத்தென்று குத்துகிறார்கள். நம் ஹவுசியேதான், 90 எண். அமெரிக்காவில் 75. ஐந்துக்கு ஐந்து கட்டம், நடுக்கட்டம் இலவசம்.

அங்கே சீட்டு ஆறாறாக வரும். ஆறையும் சேர்த்தால் 1 முதல் 90 வரை ஒவ்வொரு எண்ணும் ஒரே ஒரு தடவை இருக்கும். எந்த எண்ணைக் கூப்பிட்டாலும் ஏதாவது ஒரு சீட்டில் அடிக்கலாம். அடித்துக்கொண்டே இருப்பதால் ஜெயித்துக்கொண்டே இருக்கிற மாதிரி ஒரு மயக்கம் வேறு. மற்றபடி ஆறு சீட்டுக்கு ஆறு சீட்டு வாய்ப்புதான்.

கேஷ் கவுன்டரில் உட்கார்ந்த புத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. எங்கள் கிளப்பில் சீட்டு 30 ரூபாய். கூட்டம் சுமாராக இருந்தால் 60 சீட்டு விற்கும், 1,800 ரூபாய். அதில் 10 சதவீதம் கிளப்புக்கு, மிச்சம் பரிசு. ஆகவே 300 ரூபாய்க்கு ஆடினால் சராசரியாக 30 ரூபாய் போகும். 900-க்கு ஆடினால் 90 போகும். சீட்டு ஏற ஏற ஜெயிக்கிற வாய்ப்பும் ஏறும், போகிற காசும் ஏறும். மூன்றாம் மாடி டீச்சருக்கு இதைப் பேப்பரில் எழுதியே காட்டினேன். "அதெல்லாம் கை ராசிங்க" என்றார்.

நவம்பர் 9, ஞாயிறு

பையைக் குலுக்குவதே இல்லை அந்த மனிதர்!

எண் கூப்பிடுகிறவர் ரயில்வேயில் ரிடையர் ஆனவர், நல்ல குரல். 88 வந்தால் "டூ ஃபேட் லேடீஸ்" என்று ஒரு இழுவை இழுப்பார். எண் போட்ட காய்களை ஒவ்வொன்றாகத் துணிப்பையிலிருந்து எடுத்துக் கூவிவிட்டுப் பலகையில் அதனதன் குழியில் வைப்பார். ஆட்டம் முடிந்ததும் 1 முதல் 10 வரை உள்ள வரிசையை வழித்துப் பைக்குள் போடுவார். பிறகு அடுத்த வரிசை, அதற்கடுத்தது. கடைசியாக 81 முதல் 90. பையின் வாயை ஒரு முறுக்கு முறுக்கி, உடனே அடுத்த ஆட்டம். போன ஆட்டத்தில் கூப்பிடாத காய்கள் அடியிலேயே கிடக்கின்றன. போன ஆட்டத்தில் வந்த 70, 80-கள் மேலே உட்கார்ந்திருக்கின்றன. அவர் கையும் ஆழமாகப் போவதில்லை.

இரண்டாவது ஆட்டத்தில் முதலில் வந்தவற்றைச் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்தேன்: 84, 79, 90, 71, 12, 88, 76.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னால், "அப்போ சொல்லிடு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பொங்கல் வரைக்கும் சொல்லாத." ரொம்ப நாளைக்கப்புறம் இன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார்.

நவம்பர் 10, திங்கள்

இன்னும் வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு என் குரல் பழகிவிட்டது, பேர்கூடக் கேட்பதில்லை.

நவம்பர் 12, புதன்

ராத்திரி இரண்டு மணி. இருமல். இப்போது தூங்குகிறார்.

அண்ணன் பையன் 'பிங்கோவில் ஜெயிக்கும் ரகசியம்' என்று ஏதோ அனுப்பியிருந்தான். திப்பெட் என்பவர் பேரில் ஒரு சூத்திரம். ஆட்டம் சீக்கிரம் முடிந்தால் 1-க்கும் 75-க்கும் பக்கத்து எண்கள் வருமாம், இழுத்துக்கொண்டே போனால் நட்ட நடுவில் இருக்கிற 38-ஐ ஒட்டி வருமாம். அது ஏன் 38-ஐத் தேடிப் போக வேண்டும்? திப்பெட் இங்கிலாந்துப் புள்ளியியல்காரர். 1927-ல் 41,600 இலக்கங்களை எந்த ஒழுங்கும் இல்லாமல் அடுக்கி ஒரு அட்டவணையே போட்டவர். அவர் தலையில் இதைக் கட்டியிருக்கிறார்கள். நன்றாகக் குலுக்கிய பையில் எந்தக் காய்க்கும் எந்தக் காயும் உசத்தி இல்லை.

நன்றாகக் குலுக்கிய பையில்.

அதே பையன் ஆகஸ்ட் வரை போனில் காசு வைத்து ஆடிக்கொண்டிருந்தான். மத்திய அரசு சட்டம் போட்டு அதையெல்லாம் மூடியதில் அண்ணிக்குப் பாதி உயிர் வந்தது. எனக்குச் சின்ன மாமா ஞாபகம். தினமும் ஒரு நம்பர் லாட்டரி. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரியை நிறுத்தியபோது விற்க அவரிடம் வீடு மிச்சமில்லை. அவர் எந்தக் கவரிலும் காசு வைத்தவர் இல்லை. சட்டைப் பையில் இருக்கிறதெல்லாம் அன்றைக்குச் சீட்டுக்கு.

மறுபடி இருமல்.

நவம்பர் 16, ஞாயிறு

காலையிலிருந்து மழை. லஸ் பக்கம் முழங்கால் தண்ணீர், ஆட்டோக்காரர் இரண்டு மடங்கு கேட்டார். இருந்தும் போனேன். இன்று ஃபுல் ஹவுஸுக்கு, அதாவது சீட்டு முழுக்க முதலில் அடித்து முடிப்பவருக்கு, யாரோ மிக்சி கொடுத்திருந்தார்கள். பரிசு, விற்ற சீட்டைப் பொறுத்தது என்றால் கூட்டம் குறைவதில் லாபம் இல்லை, பரிசும் சேர்ந்து குறையும். பரிசு மிக்சி என்றால் மழை நாள்தான் நல்ல நாள். 35 சீட்டுதான் விற்றது. மிக்சி டீச்சருக்குப் போனது, ஒரே ஒரு சீட்டு வாங்கியவருக்கு. கை ராசி என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

என் விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாவது ஆட்டத்துக்குச் சீட்டுக்கட்டைப் புரட்டிப் புரட்டி ஒன்றை எடுத்தேன். எழுபதுகளில் மூன்று, கடைசிப் பத்தியில் மூன்று. ஒரு பத்தியில் அதற்கு மேல் வராது. ஆறில் ஐந்து எண் போன ஆட்டத்தில் வந்தவை. ஃபுல் ஹவுஸுக்கு இது உதவாது, அதற்குப் பையின் அடி வரை போக வேண்டும். ஒரு சீட்டு தனியாக முடிய சராசரியாக 85 எண் ஆகும். 60 எண்ணுக்குள் முடிவது 860 சீட்டில் ஒன்று. முதல் ஐந்துக்குத்தான் இந்த வித்தை, சீட்டில் ஏதாவது ஐந்து எண்ணை முதலில் அடிக்கிறவருக்கான பரிசு அது.

77, 82, 90, நடுவில் ஒரு 40, அப்புறம் 73, 85. கூவிவிட்டேன். அடுத்த எண் வருவதற்குள் கூவ வேண்டும், இல்லையென்றால் 'போகி', செல்லாது. 250 ரூபாய், இரண்டாவது கவரில்.

எனக்குப் பின்னால் யாரோ, "அவங்களுக்கு இப்போ தேவைதான், பாவம்" என்றார்கள். எப்படித் தெரிந்தது? யாரிடமும் நான் சொல்லவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ரிப்போர்ட் வந்தது. அதாவது வரவில்லை. ஸ்லைடை வேறு லேபுக்கு அனுப்பி இன்னொரு டெஸ்ட் பண்ண வேண்டுமாம். ஐ.எச்.சி. என்று பேர், எடுத்த சதைத் துணுக்குக்குச் சாயம் ஏற்றி எந்த வகைச் செல் என்று பார்ப்பது. ஒரு வாரம், பத்து நாள். பணம் இப்போதே கட்ட வேண்டும்.

கட்டினேன். அதற்குக் கவர் கிடையாது.

நவம்பர் 19, புதன்

எதுவும் இல்லை. ரசம் நன்றாக இருந்தது என்றார்.

நவம்பர் 21, வெள்ளி

புத்தாண்டுக்குக் கிளப்பில் பெரிய ஹவுசியாம். ஃபுல் ஹவுஸ் 25,000, சீட்டு 500. டீச்சர் நாலு சீட்டு எடுக்கப் போகிறார், என்னிடம் 1,000 கைமாற்று கேட்டார். ஆட்டத்துக்குக் கடன் கொடுப்பதில்லை என்றேன். முகம் சுருங்கியது. வீட்டுச் செலவுக்குக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், அதையும் சொன்னேன். ஒரே பரிசாக 10,000-க்கு மேல் விழுந்தால் 30 சதவீதம் வரி பிடிப்பார்கள் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்னவோ, "உங்ககிட்ட பேசினா ஆசையே போயிடுது" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

நவம்பர் 23, ஞாயிறு

குலுக்கினார்.

யாரும் எதுவும் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன். முதல் ஆட்டம் முடிந்ததும் பையைத் தூக்கி, கழுத்தைப் பிடித்து, இப்படியும் அப்படியுமாக நன்றாக ஆட்டினார். காய்கள் சடசடவென்று உருண்டன. வந்தது 5, 61, 33, 18. பார்த்துப் பார்த்து எடுத்த சீட்டில் வெகு நேரம் ஒரு எண் அடிபடவில்லை. அடுத்த ஆட்டத்தில் குலுக்கவில்லை. அதற்கடுத்ததில் மறுபடி குலுக்கினார். அவருக்கே தெரியாமல் செய்கிறாரா, என்னைப் பார்த்துச் செய்கிறாரா?

300-ம் போயிற்று. ஏழு மணிக்கே எழுந்துவிட்டேன். இரண்டாவது கவரைத் தொடவில்லை.

வீட்டில் அவர் சாப்பிடாமல் காத்துக்கொண்டிருந்தார். "குலுக்கினாரா?" என்பதுதான் முதல் கேள்வி.

நவம்பர் 26, புதன்

இன்று நான் போன் பண்ணவில்லை. அவர்களே கூப்பிட்டார்கள். போனில் சொல்ல மாட்டார்களாம்.

நவம்பர் 27, வியாழன்

நாளை ஒன்பது மணிக்கு, இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். பழைய ஸ்கேன், ஃபைல், இன்சூரன்ஸ் அட்டை எல்லாம் எடுத்து வைத்தாயிற்று. ஆட்டோ எட்டு மணிக்கு. கார்டை பீரோவிலிருந்து எடுத்து ஹேண்ட்பேகில் போட வேண்டும், மறந்துவிடக் கூடாது.