வாடகைத்தாய் சட்டமும் எங்கள் விண்ணப்பமும்

பிரசவத்தின்போது ஏற்பட்ட கடும் இரத்தப்போக்கில் குழந்தையையும் கர்ப்பப்பையையும் ஒருசேர இழந்த எனக்கு, சினைப்பைகள் நலமாக இருந்ததால், மருத்துவர் வாடகைத்தாய் முறையைப் பரிந்துரைத்தார். 2022 ஜனவரி 25 முதல் நடைமுறையிலுள்ள சட்டத்தின்படி, பணத்துக்காக ஒருவரைக் கருச்சுமக்க வைப்பது குற்றம்; மருத்துவச் செலவு, காப்பீடு, விதிகளில் சொல்லப்பட்ட செலவுகள் தவிர வேறெதுவும் தரலாகாது. என் பெரியம்மா மகள் தாமாகவே முன்வந்தார். வாடகைத்தாய் மணமாகிச் சொந்தக் குழந்தை பெற்றவராக இருக்க வேண்டும்; அந்தத் தகுதி அவருக்கு இருந்தது. ஆனால் கருவை வைக்கும் நாளில் வயது 25 முதல் 35-க்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனைதான் எங்களை விரட்டியது, ஏனெனில் அக்காவுக்கு அப்போதே 34 நடந்துகொண்டிருந்தது.

இணை இயக்குநர் தலைமையிலான மாவட்ட மருத்துவக் குழு, அறுவை சிகிச்சைக் குறிப்பையும் திசு ஆய்வு அறிக்கையையும் பார்த்ததும், எனக்கு வாடகைத்தாய் முறை மருத்துவ ரீதியில் தேவை என்று சான்று வழங்கிவிட்டது. எனக்குப் புதுமையாக இருந்தது நீதிமன்றம்தான். பிறக்கப்போகும் குழந்தையின் பெற்றோர் யார், அது யார் பொறுப்பில் வளரும் என்பதை, கரு உருவாவதற்கு முன்பே குற்றவியல் நடுவர் ஆணையாகப் பிறப்பிக்க வேண்டும். அதற்கான மனுவில் நாங்கள் இருவரும் அக்காவும் சேர்ந்தே கையெழுத்திட்டோம். பணம் ஏதும் பேசப்பட்டதா என்று நடுவர் அக்காவிடம் கேட்டார். "இல்லைங்க ஐயா, எனக்கு அது தங்கச்சி பிள்ளை, நான் பெரியம்மா," என்றார் அக்கா. கருவை வைக்கும் வரை எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்பதையும் நடுவர் அவரிடம் எடுத்துரைத்தார். சட்டத்தில் எனக்கு மிகவும் நியாயமாகப் பட்ட பகுதி அதுவே.

உண்மையான இழுபறி காப்பீட்டில்தான். கர்ப்பகாலச் சிக்கல்களோடு பிரசவத்துக்குப் பிந்தைய சிக்கல்களையும் 36 மாதங்களுக்கு ஏற்கும் பாலிசி வேண்டுமென்று சட்டம் சொல்கிறது. நாங்கள் அணுகிய நிறுவனமோ வழக்கமான மகப்பேறு பாலிசியையே திரும்பத் திரும்ப நீட்டியது. விதியை அச்சிட்டு எடுத்துச்சென்று, கால அளவையும் பிரசவத்துக்குப் பிந்தைய பாதுகாப்பையும் பாலிசியிலேயே எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகுதான், தகுதிச் சான்று வழங்கும் உரிய அதிகார அமைப்பு எங்கள் விண்ணப்பத்தை ஏற்றது. இதே வழியில் செல்பவர்கள் மருத்துவக் குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே காப்பீட்டையும் பேசத் தொடங்குவது நல்லது.

எங்களுக்கும் அக்காவுக்கும் தனித்தனியே தகுதிச் சான்றுகள் வந்தபோது, அவர் 35-ஐ எட்டியிருக்கவில்லை. நீதிமன்ற ஆணையின் சான்றிட்ட நகல்களைக் கூடுதலாக வாங்கி வைத்திருந்தோம். குழந்தையின் பிறப்பைப் பதிவுசெய்து எங்கள் பெயரைப் பெற்றோராக எழுத அந்த ஆணையே ஆவணமாயிற்று.