ரீஃபண்ட் கேட்கப் போய்த் தொலைக்கும் பணம்

தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறேன். ஆன்லைனில் பணத்தை விட்டுவிட்டு எங்களிடம் ஓடி வருகிறவர்களில் நிறையப் பேர் பொருள் வாங்கும்போது ஏமாந்தவர்கள் இல்லை. வாங்கிய கம்பெனி நல்ல கம்பெனி, பொருளும் வீடு வந்து சேர்ந்திருக்கும். சுடிதார் சைஸ் சேரவில்லை, மிக்ஸி ஜார் விரிசல் விட்டிருந்தது, திருப்பி அனுப்பியாயிற்று, காசு மட்டும் இன்னும் வரவில்லை. அந்த 500, 600 ரூபாயைக் கேட்கப் போன இடத்தில்தான் கணக்கில் இருந்தது எல்லாம் போயிருக்கும்.

நடப்பது அநேகமாக ஒரே மாதிரிதான். ஆப்பில் உதவி என்று இருப்பதைத் தொட்டால் ஏற்கெனவே எழுதி வைத்த கேள்விகள் வரிசையாக வரும், நம்முடைய கேள்வி அதில் இருக்காது, பேச ஆளும் கிடைக்காது. சரி என்று கூகுளில் கம்பெனி பெயரைப் போட்டு கஸ்டமர் கேர் நம்பர் தேடுகிறார்கள். வந்து நிற்கிற நம்பர்களில் சில திருடர்கள் போட்டு வைத்தவை. கூப்பிட்டதுமே எடுப்பார்கள், "சொல்லுங்க சார்" என்று மரியாதையாகப் பேசுவார்கள், முழுக்கதையையும் பொறுமையாகக் கேட்பார்கள். அப்புறம் ரீஃபண்டுக்காக ஒரு ஆப்பை இறக்கச் சொல்வார்கள். எனிடெஸ்க் மாதிரியான ஆப்கள் கம்ப்யூட்டர் சரிசெய்கிறவர்கள் நியாயமாகப் பயன்படுத்துகிறவைதான், ஆனால் அதில் வரும் எண்ணை முகம் தெரியாத ஒருவனிடம் சொல்லிவிட்டால் நம் போன் திரை அவனுக்கும் தெரியும், வருகிற ஓடிபியை அவனும் படிப்பான். இன்னொரு வழி, "பணம் உங்க கணக்குல ஏறணும்னா பின் போட்டு ஓகே பண்ணுங்க" என்பது. யுபிஐயில் பணம் வாங்க எந்தக் காலத்திலும் பின் தேவையில்லை. பணம் வரும் என்று சொல்லிப் பின் கேட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம்.

விவரம் தெரியாதவர்கள்தான் ஏமாறுகிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்தார். ஓடிபி சொல்லக்கூடாது என்று ஊருக்கே சொல்லித் தருகிறவர், அவரும் யாருக்கும் சொல்லவில்லை, திரையைக் காட்டியிருக்கிறார், அவ்வளவுதான். "ஒரு வாரமா யாரும் பதில் சொல்லலம்மா, இவன் ஒருத்தன்தான் காது கொடுத்துக் கேட்டான்" என்றார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. கம்பெனிகள் மனிதக் குரலை எடுத்துவிட்ட இடத்தில் திருடன் வந்து உட்கார்ந்திருக்கிறான்.

2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி, இப்படி விற்கிற ஒவ்வொரு தளமும் வாடிக்கையாளர் சேவைத் தொடர்பையும் குறைதீர்ப்பு அதிகாரியின் பெயரையும் வெளிப்படையாகப் போட வேண்டும், புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததென்று சொல்லி ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இது பெரும்பாலானவர்களுக்குத் தெரியவே தெரியாது. கம்பெனி இழுத்தடித்தால் கூகுளுக்குப் போகாமல் 1915க்குக் கூப்பிடலாம், அது தேசிய நுகர்வோர் உதவி எண்.

தீபாவளி நெருங்கினால் வேறு கூட்டம் வரும். சிவகாசி விலையில் பட்டாசு, பாதிக்கும் மேல் தள்ளுபடி என்று பேஸ்புக்கில் விளம்பரம், அழகான வெப்சைட், முழுப்பணத்தையும் முன்கூட்டியே அனுப்பு என்பார்கள், பார்சல் வராது. ஆன்லைனில் பட்டாசு விற்கக் கூடாது என்று 2018லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, அதனால் ஏமாந்தவர் புகார் கொடுக்கவே தயங்குகிறார். பொருளை வாங்கிக்கொண்டு காசு தருகிறேன் என்று சொன்னால் விற்பவன் என்ன சொல்கிறான் என்று பாருங்கள். ஸ்கேன் செய்ததும் வருகிற பெயரையும் நிதானமாகப் படிக்க வேண்டும், கடைப் பெயருக்குச் சம்பந்தமில்லாத யாரோ ஒருவரின் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம்.

கவுன்டரில் எனக்கு ரொம்பக் கஷ்டமான நேரம் இதற்குப் பிறகுதான். நமக்குத் தெரியாமல், நம் தவறு எதுவும் இல்லாமல், வெளியாள் யாரோ பணத்தை எடுத்திருந்தால், வங்கி தகவல் அனுப்பிய மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. ரிசர்வ் வங்கி 2017இல் போட்ட விதி அது. ஆனால் ஏமாந்து நாமே பின் போட்டு அனுப்பியிருந்தால் அந்தப் பாதுகாப்பு கிடைப்பதில்லை. கார்டில் கட்டிப் பொருள் வரவில்லை என்றால் வங்கி வழியாகத் தகராறு எழுப்ப ஒரு வழி உண்டு, தெரியாத ஒருவரின் கணக்குக்கு யுபிஐயில் தள்ளிவிட்ட பணத்தை நாங்களாக இழுத்துக்கொண்டு வர முடியாது. எதிரே உட்கார்ந்து அழுகிறவரிடம் இந்த வித்தியாசத்தை விளக்குவது எவ்வளவு கொடுமை தெரியுமா.

அந்த நிலையிலும் மிஞ்சியிருக்கிற வழி 1930, அது சைபர் மோசடியைப் புகார் செய்யும் உதவி எண். போன பணம் திருடனின் கணக்கில் இன்னும் இருந்தால் அதை அங்கேயே முடக்கி வைக்க முடியும். அவர்கள் கணக்கு விட்டுக் கணக்கு மாற்றி ஏடிஎம்மில் எடுத்துவிட்டால் கதை முடிந்தது, அதனால் ஒவ்வொரு நிமிடமும் காசுதான். ஆனால் எங்களிடம் வருகிறவர்கள் மறுநாள் வருகிறார்கள், அதற்கு அடுத்த நாள் வருகிறார்கள். வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் திட்டுவார், மருமகள் முன்னால் அவமானம், பையன் போனைப் பிடுங்கி வைத்துவிடுவான் என்று இரவெல்லாம் வாய் திறக்காமல் இருந்திருப்பார்கள். வீட்டில் யாராவது ஏமாந்துவிட்டேன் என்று வந்து நின்றால் தயவுசெய்து திட்டாதீர்கள், முதலில் போனை எடுத்து 1930ஐ அழுத்துங்கள், பணம் போன எஸ்எம்எஸ்ஸில் இருக்கும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கு அப்புறம் வரலாம், கார்டையும் யுபிஐயையும் போனிலேயே முடக்கச் சொல்லலாம்.

என் அம்மாவுக்கு ஆன்லைன் செலவுக்கென்று தனிக் கணக்கு போட்டுக் கொடுத்திருக்கிறேன், அதில் ஓரிரண்டாயிரத்துக்கு மேல் வைப்பதில்லை. பென்ஷன் வருகிற கணக்கில் யுபிஐ கிடையாது, அந்தக் கார்டில் ஆன்லைன் வசதியை அணைத்து வைத்திருக்கிறோம். வங்கி ஆப்பிலேயே அதைச் செய்யலாம். வருகிறவர்களிடமும் இதைச் சொல்லி, நேரம் இருந்தால் நானே உட்கார்ந்து மாற்றிக் கொடுக்கிறேன்.

கம்பெனிகளிடம் எனக்கு ஒரே கோரிக்கைதான் இருக்கிறது. ஊர் ஊராகப் பார்சல் அனுப்பத் தெரிந்தவர்கள், அந்தப் பார்சல் கவர் மேலேயே, முகவரி ஒட்டுகிற இடத்துக்குப் பக்கத்தில், புகார் சொல்ல வேண்டிய நம்பரைத் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடிக்கட்டும். அந்த நம்பரை அழுத்தினால் ஒரு ஆள் எடுக்கட்டும்.