கொரங்காட்டில் செவலை

ஆகஸ்ட் 22

என் பழைய ரேஸ் குதிரை ஜூலி, லாரியிலிருந்து இறங்க மாட்டேன் என்று நின்றுவிட்டாள். பலகையில் ஒரு காலை வைப்பதும் எடுப்பதுமாகவே இருந்தாள். லாயத்தில் குதிரைகளைப் பார்த்துக்கொள்கிற சைஸ் அண்ணன் அவசரப்படவில்லை. கயிற்றைத் தளர விட்டுவிட்டுப் பெரியப்பாவிடம் மழை நிலவரம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பேச்சு முடிவதற்குள் அவளாகவே இறங்கிவிட்டாள்.

பெரியப்பா சந்தையில் மாடு பார்க்கிற கண்ணோடு ஒரு சுற்று வந்து, "செவலை நல்லாத்தான் இருக்குது. கால்தான் ரொம்பச் சன்னம்" என்றார். ஜூலி என்கிற பெயர் இந்தக் கொரங்காட்டுக்குள், கிளுவைச் செடி வேலி போட்ட இந்த மேய்ச்சல் நிலத்துக்குள் செல்லாது போல.

ஆகஸ்ட் 23

ராத்திரி படுக்கவில்லை.

ஆகஸ்ட் 24

படுக்கவில்லை. புது மேய்ச்சலை ஒரேயடியாகத் திறந்துவிடக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், கடவுக்கு, அதாவது வேலி வாசலுக்குப் பக்கத்தில் அரை ஏக்கரை மட்டும் சோலார் மின்வேலிக் கம்பி கட்டிப் பிரித்திருக்கிறோம். அந்த அரை ஏக்கரிலும் கால்வாசியைக்கூட அவள் மிதிக்கவில்லை. ஒரு ஸ்டால் அளவுக்குத் தானே இடம் வகுத்துக்கொண்டு, அதற்குள் நின்று தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். லாயத்தில் கதவுக்கு மேலே தலையை நீட்டி ஆட்டுவாளே, அதே ஆட்டம். இங்கே கதவும் இல்லை, சுவரும் இல்லை.

பெரியப்பா திண்ணையிலிருந்து பார்த்துவிட்டு, "ஏங் கண்ணு, அதுக்கு சாமி வந்திருக்குதா?" என்றார். சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 26

கொழுக்கட்டைப் புல். தூக்கம் போய்விட்டது.

காங்கயம் பக்கத்துக் காடுகளில் விதைக்காமலே வருகிற புல் இது. வறட்சியைத் தாங்கும், வேர் ஆழமாகப் போகும், எத்தனை மாடு மேய்ந்தாலும் ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். எல்லாம் சரி. ஆனால் அதில் ஆக்சலேட் என்கிற உப்பு அதிகம். அது புல்லிலுள்ள கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது, குதிரையின் குடலுக்கு விட்டுக்கொடுப்பதில்லை. மாட்டுக்குப் பிரச்சினை இல்லை. அதன் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. தீனியில் கிடைக்காத கால்சியத்தை உடம்பு எலும்பிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும். சில மாதங்களில் முகத்தெலும்பும் தாடையும் உப்பிவிடும், நடை தடுமாறும். ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பக்கம் இதே புல்லை மேய்ந்த குதிரைகளுக்கு வந்திருக்கிறது. பெரிய தலை நோய் என்றே பெயர்.

பெரியப்பாவிடம் சொன்னேன். "எங்க மாடெல்லாம் காலங்காலமா இதத்தான திங்குது? அதுக எலும்பு கெட்டா போச்சு?" மாடு அசை போடும், குதிரை போடாது பெரியப்பா என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அதுக்கு என்னதான் போடறது?" என்றார். குதிரைமசால். கால்சியம் நிறைய உள்ள தீவனம். தினம் ஒரு பங்கு அது, கூடவே சுண்ணாம்புக்கல் பொடி. கோவையிலிருந்து கட்டுக் கட்டாக வர வேண்டும்.

இதற்கு நடுவில் சைஸ் அண்ணன் போன். வாரத்துக்கு ஒருநாள் கோதுமைத் தவிடு வெந்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள், வயிறு சுத்தமாகும் என்றார். ரேஸ் லாயங்களில் அப்படித்தான். தவிட்டில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் கிட்டத்தட்டப் பத்து மடங்கு, இந்தப் புல்லோடு அது சேர்ந்தால் இன்னும் மோசம். அண்ணனிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. சரிங்கண்ணா என்று வைத்துவிட்டேன்.

தாடையைத் தடவிப் பார்த்தேன். வந்து நாலு நாளில் என்ன தெரியும்.

ஆகஸ்ட் 29

லாடம் கழற்றியாயிற்று, நான்கு காலிலும். இரண்டு வயதிலிருந்து இரும்போடு நடந்தவள். சரளை மண்ணில் முட்டை மேல் நடக்கிறமாதிரி வைத்து வைத்து நடக்கிறாள். ஆணி அடித்த ஓட்டைகள் குளம்பு வளர வளரக் கீழே இறங்கி அறுபட்டுப் போகும், குளம்பு முழுசாகப் புதுசாக ஒரு வருஷம் பிடிக்கும் என்றார் லாடக்காரர். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் கணக்கு. போகும்போது, "இத்தனை காசு கொடுத்து அடிச்ச லாடத்த இத்தனை காசு கொடுத்துக் கழட்டறீங்களேம்மா" என்றார்.

ஆகஸ்ட் 31

நான் கோவை. அவள் அங்கே. சோறு இறங்கவில்லை.

செப்டம்பர் 2

பெரியப்பா போன் எடுக்கவில்லை.

செப்டம்பர் 3

எடுத்தார். தண்ணீர்த் தொட்டி காலையில் பாதிக்குமேல் காலியாம். நல்லது, ஒரு நாளைக்கு முப்பது நாற்பது லிட்டராவது குடிக்க வேண்டும். இருமல்? இல்லையாம். படுத்தாளா?

"நான் எட்டரைக்குப் படுத்துட்டேன் கண்ணு. அது எப்பப் படுத்துதோ."

குதிரை நின்றுகொண்டே தூங்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். லேசான தூக்கம்தான் அது. ஆழ்ந்த தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும், ஒரு நாளைக்கு அரைமணி, ஒருமணி. பயமுள்ள இடத்தில் படுக்காது. நாள்கணக்கில் படுக்காமல் போனால் நின்ற இடத்திலேயே தூக்கத்தில் முன்னங்கால் மடங்கிச் சரியும், மூட்டு முன்பக்கம் தோல் உரிந்திருக்கும். பெரியப்பாவை மூட்டைப் பார்க்கச் சொன்னேன். "பார்த்தேன், நல்லாத்தான் இருக்குது" என்றார். எழுந்து போய்ப் பார்த்த சத்தமே கேட்கவில்லை.

செப்டம்பர் 7

குட்டையன் வந்துவிட்டான். மட்டக்குதிரை, ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தைக்கு வந்து விலை படியாமல் திரும்பிப் போனவன். வயது கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பல்லைப் பார்த்த டாக்டர் பதினைந்துக்குக் குறையாது என்கிறார். காயடித்தவன். உலகத்தில் எதுவும் அவனுக்குப் புதுசில்லை.

செவலை காதைப் பின்னால் மடக்கி, கீச்சென்று ஒரு கத்து கத்தி, பின்னங்காலை வீசினாள். அவன் ஒரு எட்டுத் தள்ளிப்போய் மேய ஆரம்பித்தான். மறுபடி உதை. மறுபடி ஒரு எட்டு. சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் ஒரே தாம்பாளத்து... சரி, ஒரே தொட்டித் தண்ணீர். அவள் முதலில், அவன் அப்புறம்.

தலை ஆட்டவில்லை இன்றைக்கு. அல்லது நான் பார்த்த நேரத்தில் ஆட்டவில்லை.

செப்டம்பர் 13

விலாவில் செம்மண்! இடப்பக்கம், தோளிலிருந்து இடுப்பு வரை அப்பியிருக்கிறது, வாலில் நெருஞ்சி முள். படுத்திருக்கிறாள் என்று குதித்தேன்.

"பொரண்டிருக்கும்" என்றார் பெரியப்பா.

புரண்டால் முதுகிலும் இருக்க வேண்டும், இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். முதுகைப் பார்த்தேன். முதுகிலும் கொஞ்சம் இருந்தது. வலப்பக்கம் இல்லை. அரைப் புரளலாக இருக்குமோ?

செப்டம்பர் 21

ஆறு ஏக்கரும் திறந்தாயிற்று. திறப்பதற்கு முன்னால் வேலியை ஒரு முறை முழுசாகச் சுற்றினேன். கிளுவை அடர்த்தியாகத்தான் இருக்கிறது, ஆனால் சந்து விழுந்த இடத்திலெல்லாம் யாரோ ஒரு காலத்தில் முள்கம்பி இழுத்திருக்கிறார்கள். பயந்து ஓடுகிற குதிரைக்கு முள்கம்பியைப்போல ஒரு எமன் கிடையாது. எல்லாவற்றையும் உருவி எடுத்தோம். கிணற்று மேட்டில் இருந்த அரளியையும் வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்தினோம். அதன் காய்ந்த இலைகூட ஆகாது. பெரியம்மாவுக்கு வருத்தம், சாமிக்குப் பறிக்கிற பூ.

திறந்துவிட்டதும் ஓடுவாள் என்று போனை எடுத்து வைத்துக்கொண்டு நின்றேன். ஓடவில்லை. பக்கத்துக் காட்டிலிருந்து செம்மறிகள் எட்டிப் பார்த்தன. அதைப் பார்த்துத்தான் ஓடினாள். ரேஸில் அந்த வேகத்தில் ஓடியிருந்தால் இன்றைக்கு என் கையில் இருந்திருக்க மாட்டாள்.

அக்டோபர் 5

லாயத்து வைக்கோல் தூசியில் மாதக்கணக்காக இருந்த இருமல் போய்விட்டது. காலையில் பின்னங்கால் இரண்டும் தூண் மாதிரி வீங்கி நிற்குமே, அதுவும் இல்லை. நடந்துகொண்டே இருக்கிறாள், நீர் தேங்க நேரமில்லை.

ஆனால் கட்டையைக் கவ்விக் காற்றை விழுங்குகிற பழக்கம் போகவில்லை. காட்டுக்குப் போனால் மறந்துவிடும் என்று நம்பியிருந்தேன். இங்கேயும் கடவுக் கட்டையைக் கண்டுபிடித்துவிட்டாள். மேலே பல் தடம் பதிந்து கிடக்கிறது. ஒருமுறை பழகினால் மேய்ச்சலுக்கு விட்டாலும் நிறைய குதிரைகளுக்கு விடாதாம். பெரியப்பா அதில் வேப்பெண்ணெய் தடவினார். அவள் எண்ணெயையும் சேர்த்து நக்குகிறாள்.

தாடை: வலது இடதைவிடக் கொஞ்சம் தடிமனா? தடவித் தடவிக் கையே குழம்பிவிட்டது.

அக்டோபர் 17

மழை. நல்ல மழை. வெயிலுக்கும் மழைக்கும் என்று பார்த்துப் பார்த்துப் போட்ட தகரக் கொட்டகையில் குட்டையன் சுகமாக நிற்கிறான். இவள் வெட்டவெளியில், காற்றுக்குப் பின்பக்கத்தைக் காட்டி, தலையைத் தொங்கப்போட்டு, வாலை ஒட்டி வைத்துக்கொண்டு நனைகிறாள். தகரத்தில் மழை விழுகிற சத்தம் பிடிக்கவில்லை போலிருக்கிறது. நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிப்போய்க் கழுத்தடியில் கையை விட்டேன். மேல்முடி சொட்டச் சொட்ட ஈரம். விரலைப் பிரித்து உள்ளே விட்டால் தோல் காய்ந்து, கதகதவென்று இருந்தது. நல்லவேளையாக ஒரு மாதமாகத் தேய்த்துக் குளிப்பாட்டுவதை நிறுத்தியிருந்தோம். தோலில் ஊறிய எண்ணெய்ப் பசைதான் தண்ணீரை வழிய விடுகிறது.

அம்மா போனில், "குதிரைக்கே குளிரல, நீ ஏன் நனையற?" என்றாள்.

அக்டோபர் 19

நாளைக்குத் தீபாவளி. போன தீபாவளிக்கு லாயத்தில் கதவை உதைத்து உதைத்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். இங்கே கதவே இல்லை. ஓடினால் எதுவரைக்கும் ஓடுவாள்? வேலியைத் தாண்டினால் இட்டேரி என்கிற வண்டித்தடம், இட்டேரி முடிந்தால் தார் ரோடு.

அக்டோபர் 20

பெரியப்பா காலையிலேயே அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் போய் வெடியை ரோட்டுப் பக்கம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார். சொன்னதைக் கேட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் சத்தம் ரோட்டிலேயே நிற்குமா? ஏழு மணிக்கு ஒரு சரவெடி. காடு முழுக்க இரண்டு சுற்று ஓடினாள். மூன்றாவது சுற்றில் சோலார் கம்பி அறுந்தது. புதுச் சேலையோடு டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நடுக்காட்டில் நின்றேன். குட்டையன் தலையைத் தூக்கவே இல்லை, மேய்ந்துகொண்டே இருந்தான். அவள் வந்து அவனை இடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த வெடிக்கு நடுங்கினாள், ஓடவில்லை.

தோளில் கிளுவை முள் கிழித்த கோடு. மஞ்சள் வைத்தார் பெரியம்மா. நான் அயோடின் வைத்தேன். இரண்டும் சேர்ந்து ஒரு நிறமாகிவிட்டது.

நவம்பர் 2

ரத்தம் எடுத்திருந்த ரிப்போர்ட் வந்தது. கால்சியம் சரியான அளவில். சந்தோஷப்பட்டேன், பத்து நிமிஷம். அப்புறம் டாக்டர் சொன்னார்: ரத்தத்தில் சரியாகத்தான் இருக்கும்மா, குறைந்தால் உடம்பு எலும்பைக் கரைத்தாவது ரத்தத்தைச் சரியாக வைத்துக்கொள்ளும், இதை வைத்து எலும்பு நல்லா இருக்கிறது என்று சொல்ல முடியாது. சிறுநீரில் பாஸ்பரஸ் எவ்வளவு போகிறது என்று பார்த்தால் கொஞ்சம் தெரியும்.

ஆக, ஒரு குதிரைக்குப் பின்னால் கையில் டப்பாவோடு திரியப்போகிறேன்.

முதுகில் பொறுக்குப் பொறுக்காக, முடியோடு சேர்ந்து உரிகிறது. மழைப் புண், ஈரத்தில் வருவது. பொறுக்கை ஊறவைத்து எடுத்து, மருந்து போட்டுக் காயவிட வேண்டும். காதுக்குள் உண்ணி ஏழு. ரத்தத்தில் கிருமி இல்லை, அதையும் பார்த்தாகிவிட்டது.

நவம்பர் 5

டப்பா முயற்சி தோல்வி. எழுத விருப்பமில்லை.

நவம்பர் 15

பெரியப்பா பேச்சோடு பேச்சாகச் சொல்கிறார்: "விடியால நாலு மணிக்கு நான் ஒண்ணுக்குப் போகையில பாத்தா கால நீட்டிக் கெடக்கும். கொறட்ட வேற. சின்னவன் பக்கத்துலயே நிப்பான்."

எவ்வளவு நாளாக?

"அது வந்து ரெண்டு மாசமிருக்கும்."

ஏன் பெரியப்பா சொல்லவில்லை?

"நீ குட்டையனப் பத்தியே கேக்கல, அவன் படுக்கறதேயில்ல. அதத்தான் நான் யோசிச்சிட்டிருந்தேன்."

உண்மைதான். அவனுக்கு மூட்டு வலியாக இருக்குமோ? படுத்தால் எழுந்திருக்க முடியாத வயதுக் குதிரைகளும் படுப்பதைத் தவிர்க்கும். டாக்டர் லிஸ்ட்டில் சேர்த்தாயிற்று.

நவம்பர் 22

லாயத்திலிருந்து கேட்டார்கள். ஸ்டால் காலியாகத்தான் கிடக்கிறது, டிசம்பரிலிருந்து வேறு குதிரைக்குக் கொடுக்கட்டுமா, இல்லை திரும்பிக் கூட்டி வருகிறீர்களா என்று. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். விலா எலும்பு லேசாகத் தெரிகிறது, முடி பரட்டை, வாலில் பாதி இல்லை. அங்கே இருந்தவர்கள் இவளைப் பார்த்தால் என்ன சொல்வார்கள்?

மாசி, பங்குனியில் புல் காய்ந்து சாம்பலாக நிற்கும். அப்போது என்ன செய்வது?

நவம்பர் 23

கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

குதிரைமசால் இனி விலைக்கு வாங்கிக் கட்டுப்படியாகாது, கிணற்றடியில் கால் ஏக்கர் போடலாம் என்று கேட்டேன். தண்ணீர் பத்தாது என்கிறார் பெரியப்பா. வேலிமசால் போட்டால் கம்மித் தண்ணீரில் வந்துவிடுமாம், ஆடெல்லாம் நன்றாகத் தின்கிறதாம். ஆட்டுக்குச் சரி. இவளுக்கு? அதில் கால்சியம் எவ்வளவு, டாக்டரிடம் கேட்க வேண்டும், நாளைக்குக் காலையில் முதல் வேலையாக