யாரோ ஒருவர் ஏற்கெனவே திறந்த கேமரா

அக்டோபர்

பூரிக்கட்டை மாதிரி ஏதாவது கிடைக்குமா என்று தேடித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போனேன். பெர்லினுக்கு வந்து மூன்று வருடமாகக் காலி பாட்டிலை உருட்டித்தான் சப்பாத்தி இடுகிறேன். திரும்பி வரும்போது கையில் ஒரு ஜோர்கி-4 இருந்தது, பழைய சோவியத் ஃபிலிம் கேமரா. விலை 40 யூரோ. பூரிக்கட்டையை இன்னும் வாங்கவில்லை.

கிழக்கு பெர்லினின் பழம்பொருள் சந்தைகளில் சோவியத் கேமரா கிடைப்பது அதிசயமில்லை. இந்தப் பக்கம் 1990 வரை கிழக்கு ஜெர்மனி. சோவியத் யூனியனே கலைந்த பிறகும் ரஷ்யப் படைகளின் கடைசி ஆட்கள் இங்கிருந்து கிளம்பியது 1994-இல்தான். பழைய அலாரம் கடிகாரம், பதக்கம், தொப்பி, அதற்கு நடுவில் தோல் உறைக்குள் ஒரு கேமரா.

ஜோர்கி என்றால் ரஷ்ய மொழியில் கூர்மையான பார்வை உள்ளது என்று பொருள். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் உள்ள கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்தது. நான்காம் மாடல் 1956 முதல் 1973 வரை வந்தது, 17 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதனால்தான் இன்றும் மலிவு. காட்சியைப் பார்க்கும் ஜன்னலான வ்யூஃபைண்டர் பெரியது, பார்த்ததும் மனசு போய்விடும். ஆனால் கண்ணை வைக்கும் வளையம் வெறும் உலோகம். என் மூக்குக்கண்ணாடியில் இரண்டாம் நாளே ஒரு கீறல்.

இந்தக் கேமராவுக்கு ஒரு விதி உண்டு: முதலில் ஷட்டரை (ஃபிலிமுக்கு ஒளியை விடும் திரையை) ஏற்ற வேண்டும், அப்புறம்தான் வேகத்தை, அதாவது அது எவ்வளவு நேரம் திறக்கும் என்பதை, மாற்ற வேண்டும். ஏற்றாமல் டயலைத் திருகினால் உள்ளே இருக்கும் ஊசி, பல் ஏதாவது வளையலாம், உடையலாம். இதை நான் எப்போது படித்தேன் என்றால், வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, டயலை ஆசையாக ஒரு சுற்று சுற்றி, அது 1/60-இல் இறுகி நின்ற பிறகு.

மறுநாள் மேல்மூடியைத் திறந்தேன். திருகுகளின் தலையெல்லாம் எலி கொறித்ததுபோல் இருந்தது. ஒரு திருகு மற்றவற்றோடு சேராத வேறு ஜாதி. டயலுக்கு அடியில் காய்ந்துபோன பசை. அதாவது எனக்கு முன்னால் யாரோ இதைத் திறந்திருக்கிறார், முடியாமல் ஒட்டியிருக்கிறார், மூடி விற்றிருக்கிறார். அவரை இனி முன்னவர் என்றே சொல்கிறேன். டயல் இறுகியதில் பாதிப் பழி எனக்கு, பாதி முன்னவருக்கு.

சோவியத் கேமரா மட்டம் என்று சொல்பவர்களில் பலர் தொழிற்சாலையைத் திட்டுகிறார்கள். ஆலையில் தரம் ஏறி இறங்கியது உண்மைதான். ஆனால் அறுபது வருடம் கழித்து நம் கைக்கு வரும்போது, ஆலை செய்த தவறைவிட முன்னவர்கள் செய்த தவறுதான் கேமராவுக்குள் அதிகம் இருக்கிறது என்பது என் கணிப்பு. உள்ளே எளிமையான கருவி. ஒரு ஸ்க்ரூடிரைவர் இருந்தால் திறந்துவிடலாம். அதுதான் வினை.

நவம்பர்

உடம்பு போனாலும் ஜோர்கியின் கண் நன்றாக இருந்தது. ஜூபிட்டர்-8 லென்ஸ், 50 மி.மீ., எஃப் 2 (எஃப் என்பது ஒளி நுழையும் துளையின் அளவு, எண் சிறியதானால் துளை பெரியது). லென்ஸ் எண் 61 என்று தொடங்குகிறது. இந்த லென்ஸ்களில் முதல் இரண்டு இலக்கம்தான் செய்த வருடம். 1961, ககாரின் விண்வெளிக்குப் போய் வந்த வருடம். வடிவம் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தின் 'சொன்னார்' என்ற லென்ஸினுடையது. மூன்று தொகுதிகளில் ஆறு கண்ணாடி. ஜோர்கிக்கும் ஃபெட் என்ற இன்னொரு சோவியத் கேமராவுக்கும் லென்ஸ் மாட்டும் இடம் ஒரே 39 மி.மீ. திருகு என்பதால் கண்தானம் செய்ய ஒரு உடம்பு தேடத் தொடங்கினேன்.

இந்த முறை படித்துவிட்டு வாங்கினேன். உக்ரைனின் கார்கிவ் நகரிலிருந்து ஒருவர் இணையத்தில் ஃபெட்-2 விற்றார், 55 யூரோ. மூன்று விஷயம் கேட்டேன்: பின்மூடியைக் கழற்றி ஷட்டர் திரையின் படம், வெவ்வேறு வேகத்தில் அடித்துக் காட்டும் வீடியோ, ஃபிலிம் சுற்றும் ஸ்பூல் உள்ளே இருக்கிறதா என்ற பதில். அந்த ஸ்பூல் தனியாகக் கழன்று வரும், தொலைந்துபோகும், வாங்குபவருக்கு நினைவே வராது. திருகுத் தலைகளையும் கிட்டத்தில் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். அவருக்கு அது விசித்திரமாக இருந்திருக்கும். மின்சாரம் வந்ததும் அனுப்புகிறேன் என்று எழுதினார். இரண்டு நாள் கழித்து எல்லாம் வந்தது. திருகுகள் சுத்தமாக இருந்தன.

ஃபெட் பிறந்த ஊரே கார்கிவ்தான். 1927-இல் அங்கே வீடற்ற சிறுவர்களுக்காக ஒரு கம்யூன் (கூட்டு இல்லம்) தொடங்கினார்கள், அதை நடத்தியவர் ஆசிரியர் அன்டன் மகரென்கோ. பிள்ளைகள் படித்துக்கொண்டே வேலையும் செய்தார்கள். மின்சாரத் துளையிடும் கருவி, பிறகு 1934 முதல் ஜெர்மனியின் லைக்கா கேமராவின் நகல். ஃபெட் (FED) என்பது ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கி (Felix Edmundovich Dzerzhinsky) என்ற பெயரின் முதலெழுத்துகள். சோவியத் ரகசியப் போலீஸைத் தொடங்கியவர் அவர். அவர் பெயரில் ஒரு கேமரா, அதைச் செய்தது தெருவில் கிடந்த பிள்ளைகள். இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

என் சித்தி மகன் போர் வெடித்த 2022 வரை கார்கிவ்வில் மருத்துவம் படித்தவன். வீடியோ அழைப்பில் கேமராவைக் காட்டினேன். "இதா? அங்கே சந்தையில் தரையில் விரித்து வைத்திருப்பார்கள் அண்ணா. நான் ஒன்றுகூட வாங்கவில்லையே" என்றான். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.

பார்சல் வர மூன்று வாரம் ஆனது. வேக டயலில் 30, 60, 125, 250, 500 என்று இருக்கிறது. தொடக்க கால ஃபெட்-2 என்றால் 25, 50, 100 என்று இருக்கும். ஆக இது பிந்தைய சரக்கு. டயலைப் பார்த்ததும் கையைக் கட்டிக்கொண்டேன். ஏற்று, அப்புறம் மாற்று. ஏற்று, அப்புறம் மாற்று.

முதல் ரோல்

இரவில் விளக்கை அணைத்து, லென்ஸைக் கழற்றி, கைபேசி டார்ச்சைத் திரைக்கு முன்னால் பிடித்துப் பின்னாலிருந்து பார்த்தேன். கறுப்பில் இரண்டு வெளிச்சப் புள்ளிகள். எவ்வளவு கெட்டுவிடப் போகிறது என்று ஃபிலிம் போட்டேன். கெட்டது. பல படங்களில் வானத்தில் ஒரே இடத்தில் வெள்ளைப் பொட்டு.

காரணம் எளிது. எஸ்எல்ஆர் வகைக் கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி குறுக்கே நிற்கும், இதில் நிற்காது. லென்ஸுக்கு நேர் பின்னால் ரப்பர் பூசிய துணித் திரை. மூடி போடாமல் கேமராவை வெயிலைப் பார்த்து வைத்தால், பூதக்கண்ணாடியால் காய்ந்த சருகைப் பொசுக்குவோமே, அதே கதை. முன்னவர்களில் ஒருவர் எங்கோ ஒரு கோடையில், கடற்கரையாகக்கூட இருக்கலாம், இதை மல்லாக்க வைத்துவிட்டு நீந்தப் போயிருக்கிறார்.

துணிக்கு அடிக்கும் கறுப்புச் சாயத்தைப் பல்குச்சி முனையில் எடுத்து, புள்ளிமேல் மட்டும் மிக மெல்லியதாகத் தொட்டு வைத்தேன். தடிமனாகப் பூசினால் திரை கனத்து வேகம் மாறும், சுருளும்போது வெடிக்கும். ஓர் இரவு முழுக்கக் காயவிட்டேன். ஈரத்தோடு ஏற்றினால் உருளையில் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாவது ரோல்

36 படம். எல்லாம் வெறுமை. டெவலப்பர் கெட்டுவிட்டதா என்று ஃபிலிமின் ஓரத்தைப் பார்த்தேன். ஃபிலிம் தயாரித்தவர்கள் அச்சிட்ட எழுத்துகள் ஓரத்தில் தெளிவாக இருந்தன. அப்படியானால் வேதிப்பொருளில் குறையில்லை. ஃபிலிம் நகரவே இல்லை. முனை ஸ்பூலிலிருந்து நழுவியிருக்கிறது, நான் காற்றில் 36 முறை அடித்திருக்கிறேன். எண்ணிக்கை வட்டு ஃபிலிமைப் பார்த்து எண்ணுவதில்லை, நாம் ஏற்றுவதைத்தான் எண்ணுகிறது. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் ஃபிலிமைத் திருப்பிச் சுற்றும் இடதுபக்கக் குமிழ் சேர்ந்து சுழல்கிறதா என்று பார்க்க வேண்டும். சுழன்றால் ஃபிலிம் போகிறது.

இதில் முன்னவர் மேல் பழி போட வழியில்லை.

மூன்றாவது ரோல்

படங்கள் வந்தன! தூரக் காட்சிகள் கூர்மை. பக்கத்தில் எடுத்த முகங்கள் எல்லாம் மங்கல். நண்பரின் மூக்கைப் பார்த்து ஃபோகஸ் செய்தால் அவருக்குப் பின்னால் தொங்கிய கோட்டின் பொத்தான் தெளிவாக இருக்கிறது.

இந்தக் கேமராக்களில் ஃபோகஸ் பார்க்க உதவும் ரேஞ்ச்ஃபைண்டர் என்ற தூரம் அளக்கும் கருவி வேலை செய்யும் விதத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் இரண்டு ஜன்னல். ஒன்றின் வழியாகக் காட்சி, மற்றொன்றின் வழியாக அதே காட்சியின் ஒரு துண்டு, நடுவில் திட்டாக விழும். லென்ஸைத் திருகும்போது அதன் பின்விளிம்பு உள்ளே ஒரு சின்னக் கையைத் தள்ளும், அந்தத் துண்டு பக்கவாட்டில் நகரும். இரண்டு உருவமும் ஒன்றாகும் இடம்தான் சரியான ஃபோகஸ். ஜன்னல்களுக்கு நடுவே இடைவெளி கூடக் கூடத் துல்லியம் கூடும். ஜோர்கி-4-இல் 38 மி.மீ., ஃபெட்-2-இல் 67 மி.மீ. அதனால்தான் மலிவில் இது நல்ல தேர்வு என்கிறேன்.

அந்தக் கையின் முனை லைக்காவில் உருளும் சக்கரம். ஃபெட்டிலும் ஜோர்கியிலும் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு மூக்கு. (சந்தையில் தங்கநிறப் பூச்சும் கழுகு முத்திரையுமாக 'போர்க்கால லைக்கா' என்று 180 யூரோவுக்கு ஒன்று பார்த்தேன். லென்ஸைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். உள்ளே அதே மூக்கு. விற்றவர் லென்ஸை வாங்கி மாட்டிவிட்டு வேறு ஆளிடம் பேசப் போய்விட்டார்.)

என் ஃபெட்டில் அந்த மூக்கு கொஞ்சம் திரும்பியிருந்தது. சுத்தமான திருகுகளைப் பார்த்து ஏமாந்தது இங்கேதான். இதைத் திருப்ப எந்தத் திருகையும் தொட வேண்டாம், லென்ஸைக் கழற்றினாலே போதும். கெட்டிக்கார முன்னவர்.

சரிசெய்ய இரண்டு சாயங்காலம் ஆனது. பின்மூடியைக் கழற்றி, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் பால்நிற ஒட்டுநாடாவை இறுக்கி ஒட்டி, ஷட்டரை பி-யில் (பொத்தானை அழுத்தியிருக்கும் வரை மூடாத நிலையில்) திறந்து வைத்து, சரியாக ஒரு மீட்டரில் ஒரு செய்தித்தாளை நிறுத்தினேன். நாடாவில் விழும் எழுத்து பூதக்கண்ணாடியில் எப்போது கூர்மையாகிறதோ, அப்போது ஜன்னலில் இரண்டு உருவமும் ஒன்றாக வேண்டும். அதற்கு மூக்கை இம்மி இம்மியாகத் திருப்ப வேண்டும். கிட்டத்தைச் சரிசெய்தால் தூரம் விலகும். தூரத்தை அதற்கென்று உள்ள திருகில் சரிசெய்தால் கிட்டம் லேசாக விலகும். மறுபடி, மறுபடி. தூரத்துக்கு என் இலக்கு பெர்லின் தொலைக்காட்சிக் கோபுரம். 368 மீட்டர் உயரம், என் பால்கனியிலிருந்து தெரியும். பனிமூட்டம் வந்தால் வேலை நின்றுவிடும். வந்தது, நின்றது.

ஜனவரி

டிரெஸ்டனுக்கு ஒரு நாள் பயணம். நண்பர் ஒருவர் கீவ்-4ஏ என்ற சோவியத் கேமரா ஒன்றை இரவல் தந்திருந்தார், அதன் பிறந்த வீட்டைக் காட்டி வரலாம் என்று எடுத்துப் போனேன். கீவ், பெயருக்குத்தான் கீவ். 1936-இல் டிரெஸ்டனின் ஸைஸ் ஐகான் நிறுவனம் கொண்டுவந்த கான்டாக்ஸ் 2 கேமராதான் அது. போருக்குப் பிறகு இழப்பீடாக அந்தக் கேமராவைச் செய்யும் கருவிகள் கீவ் நகரின் அர்செனல் ஆலைக்குப் போயின. 1947 முதல் அங்கே அதே கேமரா வேறு பெயரில் வந்தது. பழைய எர்னமான் ஆலைக் கட்டடம் இப்போது தொழில்நுட்ப அருங்காட்சியகம். அதன் கோபுரத்தைக் கீவால் படமெடுத்தேன்.

அதன் ஷட்டர் துணி இல்லை. உலோகப் பட்டைகள், மேலிருந்து கீழே இறங்கும், நம்மூர்க் கடை ஷட்டர் மாதிரியே. பட்டைகளைத் தாங்குவது பட்டு நாடா. அது அறுந்தால் கடை மூடியதுதான். ரேஞ்ச்ஃபைண்டர் ஜன்னல்களின் இடைவெளி 90 மி.மீ. சத்தம் மிகக் குறைவு. ஆனால் வலது கையின் நடுவிரல் இயல்பாகப் போய் ஜன்னலை மறைக்கிறது, இரண்டாவது உருவம் காணாமல் போகிறது, ஏன் என்று அரை நிமிடம் குழம்புகிறேன். விரலைத் தூக்கி வைத்துப் பிடிக்கப் பழக வேண்டுமாம். அழகான கேமராதான். திருப்பிக் கொடுத்தபோது எனக்கு வருத்தமில்லை.

நான்காவதிலிருந்து ஆறாவது வரை

ஃபெட்டில் ஒளியை அளக்கும் ஒளிமானி கிடையாது, கண்தான். நான் போடுவது 100 வேக ஃபோமாபான், செக் நாட்டு ஃபிலிம், இங்கே மலிவு. நல்ல வெயிலில் 1/125, எஃப் 16 என்பது பழைய கணக்கு. பெர்லின் ஜனவரியில் நல்ல வெயிலை எங்கே தேட? மத்தியானத்திலேயே எஃப் 4, சாயங்காலம் எஃப் 2-வும் 1/30-ம். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்கிறேன். குளிரில் லென்ஸின் பழைய கிரீஸ் கெட்டியாகி ஃபோகஸ் வளையம் நகர மறுக்கிறது. கோட்டுக்குள் அக்குளில் வைத்துச் சூடு பண்ணினால் இளகுகிறது.

கழுவுவது குளியலறையில். ரோடினால் என்ற டெவலப்பர், ஒரு பங்குக்கு 50 பங்கு தண்ணீர், 20 டிகிரி, ஒன்பது நிமிடம். ரோடினால் 1891-இலிருந்து இருக்கிறது, இதுவரை அது மட்டும்தான் என்னைக் கைவிடவில்லை.

ஐந்தாவது ரோலில் ஒரு படம். ரயில் நிலைய பெஞ்சில் ஒரு பாட்டி, கையுறையைக் கழற்றி ஆரஞ்சு உரிக்கிறார். தூரம் ஒன்றரை மீட்டர் இருக்கும். விரல் நுனியில் பிய்ந்து நிற்கும் தோல் வரை கூர்மை. பின்னால் நிற்கும் ரயில் கரைந்து கிடக்கிறது. கார்கிவ்காரருக்கு அனுப்பினேன். "லென்ஸ் என்னுடையது இல்லையே" என்று பதில் போட்டார். அப்புறம் ஒரு கட்டைவிரல் படம்.

மார்ச்

பொட்டு இல்லை, சாயம் பிடித்து நிற்கிறது. ஜோர்கி இன்னும் 1/60-இல் நிற்கிறது. அதற்கு ஒரு ரோல் போட்டுப் பார்க்கலாமா என்று யோசனை, இந்த வெளிச்சத்துக்கு 1/60 ஒன்றும் மோசமில்லை. ஃபெட்டில் ஏழாவது ரோல் உள்ளே இருக்கிறது. பதினொன்று அடித்தாயிற்று, குமிழ் சுழல்கிறது.