பத்து பவுண்டுக்கு லெட் செப்பலின்

மணி இரவு ஒன்றரை. காதுக்குள் இன்னும் டிரம்ஸ் அடிக்கிறது. லெட் செப்பலின் என்ற ஆங்கில ராக் குழுவின் கச்சேரிப் படத்தை பர்மிங்காம் தியேட்டரில் பார்த்துவிட்டு, கவென்ட்ரி ரூமுக்கு வந்து ஷூவைக்கூடக் கழற்றாமல் எழுதுகிறேன்.

பர்மிங்காமுக்கு ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. நாலு பவுண்டு மிச்சம் பிடிக்கலாமென்று பஸ் ஏறினேன், என் புத்தி! ஹீட்டர் இல்லை, மாடி ஜன்னல் ஒழுகுகிறது, போதாததற்கு ஏர்போர்ட்டையும் ஒரு சுற்று. இறங்கும்போது கால் மரத்துவிட்டது.

ஸ்பார்க்புரூக் லேடிபூல் ரோட்டில் ஒரு பால்ட்டி கறி சாப்பிட்ட பிறகுதான் உயிர் வந்தது. சமைத்த இரும்புச் சட்டியையே மேஜையில் வைக்கிறார்கள், உள்ளே இன்னும் கொதிக்கிறது. ஸ்பூன் கிடையாது. துண்டு விரித்த மாதிரி ஒரு நான், கிழித்துக் கிழித்து வழித்துச் சாப்பிட வேண்டியதுதான். பர்மிங்காம் போனால் இதைச் சாப்பிடாமல் திரும்பாதீர்கள்.

சரி, படம். 2007 டிசம்பர் 10, லண்டன் ஓ2 அரங்கில் தங்கள் ரெக்கார்டு கம்பெனியை நிறுவியவர்களில் ஒருவரான அஹ்மத் எர்டெகுன் நினைவாக லெட் செப்பலின் மறுபடி சேர்ந்து வாசித்தபோது டிக்கெட் 125 பவுண்டு, அதுவும் குலுக்கலில். அப்போது நான் திருச்சி ஹாஸ்டலில் காப்பி அடித்த சிடி கேட்டுக்கொண்டிருந்தேன். ஐந்து வருஷம் கழித்து, 2012 அக்டோபர் 17, அந்தக் கச்சேரி படமாகத் தியேட்டருக்கு வந்திருக்கிறது.

முதலில் சவுண்டைக் கஞ்சத்தனமாக வைத்திருந்தார்கள். பின்வரிசையில் நாலு பேர் கத்தியதும் ஏற்றினார்கள். அப்புறம்தான் முதல் பாட்டின் அந்த கிக் டிரம், ஒற்றைக் காலால் மும்மூன்றாய் விழும் அடி, நெஞ்சில் இறங்கியது. 1969 ஆல்பத்தில் அதை அடித்தவர் ஜான் பான்ஹம். 1980இல் அவர் போனதோடு குழுவும் முடிந்தது. திரையில் அடிப்பது மகன் ஜேசன், அப்பா இறந்தபோது பதினாலு வயது. பக்கத்து சீட் பெரியவர் ரெடிச்காரர், அதாவது ஜான் பான்ஹமின் ஊர். "எங்க ஊர்க்காரர் பையன்" என்று என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார். கைப்பிடியில் அவரும் தாளம் போட, என் பாப்கார்ன் கீழே. அந்த பாப்கார்ன் விலையைக் கேட்காதீர்கள்.

பாடகர் பிளான்ட்டுக்கு அப்போது 59. பழைய உச்சிக்கெல்லாம் ஏறவில்லை, சில பாட்டைச் சுருதி இறக்கித்தான் பாடினார்கள். எனக்கு அதுதான் பிடித்தது, கத்தி மானம் போகவில்லை. கிட்டாரிஸ்ட் பேஜ் வயலின் வில்லால் கிட்டாரைத் தேய்க்கும் இடம் மட்டும் நீளம், எழுந்து பாத்ரூம் போய்வந்தேன். ஜான் பால் ஜோன்ஸ்தான் என் ஆள்: கை கீபோர்டில், கால் பேஸ் பெடலில், முகத்தில் ஒன்றுமே இல்லை. பதினாறாவது பாட்டு முடிந்ததும் திரையைப் பார்த்துக் கை தட்டினோம், வெட்கமே இல்லாமல்.

கடைசி பஸ் போய்விட்டதால் ரயிலில்தான் திரும்பினேன். ஸ்டேஷனிலிருந்து ரூமுக்கு, நாலு பவுண்டு தூரத்துக்கு, டாக்ஸிக்காரர் ஒன்பது பவுண்டு கறந்துவிட்டார். மீட்டர் ரிப்பேராம்.