பழைய வண்டி காட்டின வேடிக்கை

இப்ப வர்ற வண்டியில பட்டன தட்டினா தண்ணி பீச்சுது, நாங்க ஓட்டுன பழைய ஃபயர் எஞ்சின் அப்படியா, பேட்டரி வீக்குன்னா நாலு பேர் ஹெல்மெட்டோட இறங்கி தள்ளணும். ஒரு நாள் ராத்திரி தண்ணி உறிஞ்ச கிணத்துல சக்‌ஷன் ஹோஸ இறக்கிட்டு ஹோஸுக்குள்ள இருக்கற காத்தை உறிஞ்சி வெளிய விடுற ப்ரைமர போடுறோம், வேக்குவம் ஏறவே மாட்டேங்குது. உள்ள சக்கரம் சுத்தி தண்ணிய தள்ளுற சென்ட்ரிஃபூகல் பம்பு தானா காத்தை வெளிய தள்ளாது, எங்கயாவது துளி காத்து உள்ள போனா போச்சு, தண்ணி மேல வராது. கணக்குப்படி 10 மீட்டர் ஆழத்துலேர்ந்து இழுக்கணும், 7 தாண்டினாலே நல்ல பம்பே திணறும், அது வேற கதை. டார்ச் அடிச்சு பாத்தா கப்ளிங்குல ரப்பர் வாஷர் வெடிச்சு கெடக்கு. பழைய டியூப வெட்டி சொருகி, கிரீஸ் தடவி இறுக்கினதும்தான் வேக்குவம் காட்டுற கேஜ் முள்ளு அசைஞ்சுது. அணைச்சு முடிச்சு திரும்புறப்போ கிளட்ச் காலி. கயிறு கட்டி இழுத்துட்டு வந்த லாரிக்காரர் வழி பூரா சிரிச்சாரு.